கட்டினான், கட்டினானாம்: செஞ்சிக் கோட்டைக்குப் பலகை எழுதவிருப்போருக்கு ஒரு திறந்த மடல்

செஞ்சிக் கோட்டையில் தகவல் பலகை எழுதவிருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

உங்களில் யாரையும் எனக்குத் தெரியாது. அரசு அலுவலராக இருக்கலாம், வரலாற்றுப் பேராசிரியராக இருக்கலாம், மொழிபெயர்ப்பை மட்டும் ஒப்பந்தத்துக்கு எடுத்தவராகவும் இருக்கலாம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ 'இந்தியாவின் மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்' என்ற தலைப்பில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 11 கோட்டைகள் மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. மீதமுள்ள ஒன்று எங்கள் செஞ்சி. இனி ஆட்கள் வருவார்கள், பஸ்கள் வரும், பின்னாலேயே பலகைகளும் வரும். பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்குள் ஒரு வார்த்தையை உங்கள் காதில் போட்டுவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் கேட்கப்போவது மிகச் சிறியது. 'ஆம்' என்ற விகுதி. அதைப் பலகையில் எழுதக் கூச்சப்படாதீர்கள். அவ்வளவுதான். ஏன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளம் தேவைப்படுகிறது.

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே உள்ள ஒரு சிற்றூரில் வளர்ந்தவன் நான். மல்லாட்டை உரித்துக்கொண்டே கதை சொல்கிற ஆயா எனக்கு இருந்தார். உரித்த கொட்டை ஒரு முறத்திலும் தொலி இன்னொரு முறத்திலும் விழும்; கதை மட்டும் நேராக எங்கள் வாயில் விழும். தேசிங்கு ராஜன் டில்லியில் குதிரையை அடக்கினானாம், சிங்கவரத்து ரங்கநாதர் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம், ஆனந்தக் கோனுக்குப் புதையல் கிடைத்ததாம். எல்லாம் 'ஆம்' போட்டுத்தான் முடியும். அதே ஆயா, பஞ்ச காலத்தில் கோட்டைக்குள் மாடு ஓட்டிப்போய் மேய்த்ததைச் சொல்லும்போது 'மேய்த்தேன்' என்பார், 'தண்ணீர் குடித்தோம்' என்பார். அங்கே 'ஆம்' வராது. எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் கண்டதையும் கேட்டதையும் அவர் ஒருநாளும் ஒரே முறத்தில் போட்டதில்லை.

சென்ற தை மாதம் அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு கோட்டைக்குப் போயிருந்தேன். பன்னிரண்டு வயது, எதைச் சொன்னாலும் 'யார் பார்த்தது?' என்று கேட்கிற பருவம். ராஜகிரியின் அடிவாரத்தில் கல்யாண மகாலுக்கு முன்னால் நின்றோம். மாடி மேல் மாடியாக, உச்சியில் கூர்ந்த கூம்போடு, நாற்புறமும் வளைவு வளைவாக அறைகள் சூழ நிற்கிற அந்தக் கோபுரத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதன் முன்னால் சும்மா நிற்பதே ஒரு வேலை. பக்கத்தில் ஒரு குடும்பம். அப்பா மகளைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு, இதைத் தேசிங்கு ராஜா தன் ராணிக்காகக் கட்டினார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். குழந்தை வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தது.

அக்கா மகன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "மாமா, தேசிங்கு எத்தனை வருஷம் ஆண்டார்?"

"ஒரு வருஷம்கூட முழுசாக இல்லை."

"அப்படியென்றால் இதை எப்படிக் கட்டினார்?"

கட்டவில்லை. அது நாயக்கர் காலத்து வேலை என்பதைக் கட்டடமே சொல்லும். ஆனால் பெற்றவர் பிள்ளைக்குக் கதை சொல்லும்போது குறுக்கே புகுந்து திருத்துவது அநாகரிகம் என்று நினைக்கிறவன் நான், பேசாமல் நகர்ந்துவிட்டேன். அவர் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. 'கட்டினார்' என்றார், 'கட்டினாராம்' என்று சொல்லியிருந்தால் எங்கள் ஆயாவுக்கும் உடன்பாடாக இருந்திருக்கும். அந்த ஓரெழுத்துக் குறையோடுதான் அன்று முழுதும் மலை ஏறினேன்.

மலையைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். உங்களில் சிலர் படத்தைப் பார்த்தே எழுதிவிடுவீர்களோ என்று ஒரு பயம். செஞ்சி ஒரு மலைக்கோட்டை அல்ல, மூன்று. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம். மூன்றையும் மதில் முக்கோணமாகக் கட்டி இழுத்திருக்கிறது. மதிலின் நீளம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். மலை என்று சொன்னாலும் மண் அதிகம் கிடையாது. யாரோ பெரிய கையால் உருண்டைப் பாறைகளை அள்ளிக் குவித்துவிட்டுப் போனது போல இருக்கும். எங்கே பாறை முடிகிறது, எங்கே சுவர் தொடங்குகிறது என்று தூரத்திலிருந்து பிடிபடாது. கட்டியவர்கள் பாறையோடு சண்டை போடவில்லை. அது விட்ட இடைவெளியை மட்டும் நிரப்பியிருக்கிறார்கள்.

ராஜகிரியின் படிகளை எண்ணிக்கொண்டே ஏறுவது என்று இருவரும் பந்தயம் கட்டினோம். முந்நூறைத் தாண்டியதும் எனக்கு எண்ணிக்கையும் மூச்சும் சேர்ந்தே தவறின. பையன் கடைசி வரை எண்ணினான். ஆனால் குரங்கு ஒன்று அவன் கையிலிருந்த வெள்ளரிப் பிஞ்சைப் பறித்துக்கொண்டு போன இடத்தில் எண்ணை விட்டுவிட்டு, பிறகு தோராயமாகச் சேர்த்துக்கொண்டான். ஆகவே எங்கள் கணக்கைப் பலகையில் போட வேண்டாம்.

பாதி மலையில் கமலக்கண்ணி அம்மன் கோயில். வெறுங்காலோடு ஒரு மூதாட்டி, ஈரப் புடவைத் தலைப்பில் கற்பூரத்தை முடிந்துகொண்டு எங்களுக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தார். உச்சி வரை வருகிறீர்களா என்று கேட்டேன். உச்சியில் எனக்கு என்ன வேலை, நான் அம்மாவைப் பார்க்க வந்தேன் என்றார். நாம் கோட்டைக்குள் ஒரு கோயில் இருப்பதாக நினைக்கிறோம். அவருக்கு அது அம்மன் மலை. நடுவில் யார் யாரோ வந்து சுவர் எழுப்பிவிட்டுப் போயிருக்கிறார்கள். செஞ்சி என்ற பெயரே செஞ்சியம்மன் என்ற காவல் தெய்வத்தின் பெயரிலிருந்து வந்ததாம். கன்னிமார் எழுவரில் அவள் ஒருத்தியாம். பாருங்கள், எனக்கே இரண்டு 'ஆம்' வந்துவிட்டது. வர வேண்டிய இடத்தில் வந்திருக்கிறது.

உச்சிக்குச் சற்றுக் கீழே பாறை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. பிளவின் மேல் ஒரு சிறு பாலம். பாலத்தை இழுத்துவிட்டால் அப்புறம் மேலே இருப்பவன் தூங்கலாம். பையன் பாலத்தின் நடுவில் நின்று கீழே எட்டிப் பார்த்துவிட்டு, "இதைத் தாண்டி யார் மாமா பிடித்தார்கள்?" என்று கேட்டான். இங்கேதான் எனக்கு நாக்கு சிக்கியது. ஏனென்றால் இந்தக் கேள்விக்கு விடை ஒரு பெயரல்ல, பெரிய பந்தி.

1200-ஐ ஒட்டி இங்கே இடையர் குலத்துக் கோன்கள் இருந்தார்கள். பிறகு விஜயநகரத்தின் நாயக்கர்கள் வந்து இதை ஒரு தலைநகரமாகவே ஆக்கினார்கள். 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கு வந்த பிமெண்டா என்ற சேசு சபைப் பாதிரியார், லிஸ்பனை விட்டுவிட்டால் போர்ச்சுகலில் இவ்வளவு பெரிய ஊர் இல்லை என்று எழுதிவைத்தார். 1648 வாக்கில் பீஜப்பூர் சுல்தான் படை பிடித்துப் பாதுஷாபாத் என்று பெயர் வைத்தது. 1677-இல் சிவாஜி பிடித்தார், மதில்களைப் பலப்படுத்தினார். 1698-இல் மொகலாயர் பிடித்து நுஸ்ரத்கட் என்றார்கள். பிறகு புந்தேல ராஜபுத்திரர், ஆற்காட்டு நவாப், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர், ஹைதர் அலி, மறுபடி ஆங்கிலேயர். 1921-இல் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தபோது பாதுகாப்பதற்குப் படை எதுவும் மிச்சமில்லை, கல்தான் இருந்தது.

இந்தப் பந்தியில் மராட்டியருக்குப் பெரிய இலைதான் போட வேண்டும். அதில் எனக்கு மாறுபாடில்லை. சிவாஜியின் மகன் சம்பாஜி கொல்லப்பட்ட பிறகு அவர் தம்பி ராஜாராம் 1689-இல் தப்பி வந்து சேர்ந்தது இங்கேதான். ஒரு பேரரசின் தலைநகரம் சில ஆண்டுகள் இந்தப் பாறைக் குவியலின் மேல் இருந்தது. ஒளரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான் 1690-இல் முற்றுகை போட்டார். 1698 தொடக்கத்தில்தான் கோட்டை விழுந்தது. அந்த எட்டு வருடத்தில் நடந்தவற்றை எடுத்து எழுதினால் உங்கள் பலகைகள் போதாது. சக்கரவர்த்தியின் மகன் காம் பக்ஷ், கோட்டைக்குள் இருந்த எதிரியோடு ரகசியமாகப் பேசினார் என்று அவருடைய சொந்தத் தளபதியாலேயே கைது செய்யப்பட்டார். மராட்டியத் தளபதிகள் சாந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் வெளியிலிருந்து தாக்க, முற்றுகையிட்டவர்களே முற்றுகைக்குள் மாட்டிக்கொண்டு, ஒரு கட்டத்தில் பாளையத்தைக் கலைத்து வந்தவாசிக்குப் பின்வாங்கினார்கள். சுல்பிகார் கான் வேண்டுமென்றே காலம் தாழ்த்துகிறார் என்று அப்போதே பேச்சு இருந்தது. கடைசியில் கோட்டை கிடைத்தது, ராஜாராம் கிடைக்கவில்லை.

எட்டு வருடம் அசையாத இதே கோட்டையை 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஓர் இரவில் பிடித்துவிட்டார். அதையும் சேர்த்து எழுதுங்கள். கோட்டையின் பெருமை மதிலில் மட்டும் இல்லை, உள்ளே இருப்பவனிடமும் இருக்கிறது என்பதைப் பையன்கள் தாங்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

இப்போது ஒரு விந்தையைப் பாருங்கள். எட்டு வருட முற்றுகையைப் பற்றி எங்கள் பக்கத்தில் ஒரு பாட்டுக்கூடக் கிடையாது. நான் கேட்டதில்லை, ஆயாவும் பாடியதில்லை. சுல்பிகார் கான் என்ற பெயரை நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் அறிந்தேன். ஆனால் ஒரு வருடம்கூட ஆளாத இளைஞன் ஒருவன் முந்நூறு ஆண்டுகளாகச் சாகவில்லை. எவனாவது மோட்டார் சைக்கிளைக் கண்மண் தெரியாமல் ஓட்டினால் இன்றைக்கும் 'பெரிய தேசிங்கு ராஜா' என்று சொல்லுகிறோம்.

தேஜ் சிங் என்ற பெயர்தான் எங்கள் வாயில் தேசிங்கு ஆயிற்று. அப்பா ஸ்வரூப் சிங், புந்தேல்கண்டத்துக்காரர், மொகலாயர் காலத்தில் கோட்டையின் பொறுப்பில் இருந்தவர். அவர் 1714-இல் இறந்ததும் மகன் வந்து பொறுப்பை எடுத்துக்கொண்டான். கப்பப் பாக்கி கேட்டார் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான். பையன் தர மறுத்தான். 1714 அக்டோபர் 3-ஆம் தேதி சண்டை. தேசிங்கு செத்தான்; வயது இருபத்திரண்டு என்கிறார்கள். தோழன் மகபத் கானும் செத்தான். வரலாறு சொல்வது இவ்வளவுதான். வரிப் பாக்கித் தகராறு, ஒரு நாள் சண்டை, இரண்டு இளைஞர்களின் சாவு. எந்த வருவாய்த் துறைக் கோப்பிலும் அடங்கிவிடக்கூடிய சங்கதி.

ஆனால் கதைப்பாடல் இதை எடுத்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டது. யாராலும் அடக்க முடியாத பாராசாரிக் குதிரையைச் சிறுவன் தேசிங்கு டில்லி பாதுஷாவின் முன்னால் அடக்கித் தந்தையைச் சிறையிலிருந்து மீட்டானாம். போருக்குப் புறப்படும் முன் மனைவியிடம் விடைபெறப் போனபோது இருவருக்கும் நடுவே திரை தொங்கியதாம். மோவுத்துக்காரன் என்று பாட்டு அழைக்கிற மகபத் கானுக்கு அன்று கல்யாணமாம். ஓலை வந்ததும் மணப்பந்தலிலிருந்து எழுந்து நீலவேணிக் குதிரையில் ஏறிவிட்டானாம். அக்டோபர் மழையில் செஞ்சியாறு பெருக்கெடுத்து ஓடியதாம்; மிகச் சிலர்தான் நீந்திக் கரை ஏறினார்களாம். ஆயா இந்த இடத்தில் மல்லாட்டை உரிப்பதை நிறுத்திவிடுவார்.

புந்தேல்கண்டத்து இந்திக்காரன் ஒருவன், அவனுக்காக உயிரைக் கொடுத்த முஸ்லிம் தோழன், எதிரே நின்ற முஸ்லிம் நவாப், நடுவில் சிங்கவரத்துப் பெருமாள். இவ்வளவு பேரையும் தமிழில் பாடிவைத்திருப்பவர்கள் எங்கள் ஊர்ப் பாட்டுக்காரர்கள். இந்தக் கதையை யார் கட்சிக்கும் முழுதாக இழுத்துக்கொண்டு போக முடியாது. ஒரு பக்கம் இழுத்தால் மறு பக்கம் கிழியும். அதனாலேயே பலகை எழுதுகிறவர்களுக்கு இது கொஞ்சம் சங்கடமாக இருக்கலாம். 'உள்ளூர்க் கதைகள் பல உள்ளன' என்று ஒரு வரியில் தாண்டிப் போய்விடத் தோன்றும். தயவுசெய்து தாண்டாதீர்கள்.

சிங்கவரத்தையே எடுத்துக்கொள்வோம். செஞ்சியிலிருந்து கொஞ்ச தூரம். பல்லவர் காலக் குடைவரை, பாறையிலேயே செதுக்கிய பள்ளிகொண்ட பெருமாள். அவர் முகம் சற்றுத் திரும்பியிருக்கும். தேசிங்கு போருக்கு உத்தரவு கேட்டபோது, இன்று போகாதே என்று சொல்லவும் மனமில்லாமல், போ என்று சொல்லவும் மனமில்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். சிற்பி செதுக்கி ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் கழித்துத்தான் தேசிங்கு பிறக்கிறான் என்று அக்கா மகன் உடனே கணக்குப் போட்டுச் சொன்னான். சரிதான். ஆனால் ஆயிரம் ஆண்டுகளாகத் திரும்பியிருந்த முகத்துக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது, ஊர் அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. பலகையில் இரண்டையும் போடுங்கள்: 'பல்லவர் காலத்தில் செதுக்கினார்கள். தேசிங்குக்காகத் திரும்பினாராம்.' படிக்கிறவர் எவரும் குழம்ப மாட்டார். தமிழ் அறிந்த ஐந்து வயதுக் குழந்தைக்கும் இந்த வேறுபாடு தெரியும்.

ராணியின் கதையில் மட்டும் என் மனம் ஒப்புவதில்லை. கணவன் சிதையில் அவள் உடன்கட்டை ஏறினாள் என்கிறார்கள். செட்டிக்குளத்தின் கரையில் இடம்கூடக் காட்டுகிறார்கள். நவாப் மனம் நெகிழ்ந்து அவள் நினைவாக ராணிப்பேட்டை என்று ஊர் அமைத்தாராம். பாட்டு அவளை ராணிபாய் என்கிறது. ராணியும் பாயும் பட்டங்கள்தானே? ஒரு பேட்டை கிடைத்தது, இப்போது அது ஒரு மாவட்டமும் ஆகிவிட்டது. அந்தப் பெண்ணின் பெயர் என்ன என்று யாரும் கேட்டு வைக்கவில்லை. குதிரைகள் இரண்டுக்கும் பெயர் இருக்கிறது. குளக்கரையில் பலகை வைத்தால், அவள் செத்ததைப் 'புகழெய்தினாள்' என்று எழுதிவிடாதீர்கள். பள்ளிப் பிள்ளைகள் வருகிற இடம். 'எரிந்து இறந்தாள்' என்று எழுதினால் போதும்.

தேசிங்கோடு செஞ்சியின் கதைகள் தீர்ந்துவிடவில்லை. மேலச்சேரியைப் பழைய செஞ்சி என்பார்கள். பாரதக் கூத்து நடக்கிற எங்கள் வட்டாரம் முழுவதற்கும் மூலக் கோயில் அங்கே இருக்கிற திரௌபதியம்மன் கோயில்தான் என்று கூத்துக்காரர்கள் சொல்வார்கள். செஞ்சி அரசனுக்கு உதவ நெருப்பிலிருந்து திரௌபதி இரண்டாம் முறை தோன்றினாளாம். நூறு தலை அசுரனை வெட்டினாளாம். கடைசித் தலை மண்ணில் விழாமல் போத்துராஜா கையில் ஏந்திக்கொண்டானாம். அம்மன் கோயில்களில் தலையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற போத்துராஜாவைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்திலேயே முத்தால் ராவுத்தன் என்ற முஸ்லிம் காவல்காரனும் நிற்பான். தேசிங்குக்கு மகபத் கான் தோழனாக இருந்தது எங்களுக்கு ஏன் அதிசயமாகப் படவில்லை என்று இப்போது புரிகிறதா?

சமணர்களிடம் இன்னொரு கதை இருக்கிறது. அது அரசனைப் புகழ்கிற கதையல்ல. செஞ்சியை ஆண்ட வேங்கடபதி நாயக்கன் குலத்துக்கொரு பெண் கேட்டானாம். கடைசியில் சமணர்கள் வீட்டில் பந்தலும் தோரணமும் கட்டிக் காத்திருப்பதாகச் செய்தி அனுப்பினார்களாம். நாயக்கன் மாப்பிள்ளைக் கோலத்தில் வந்து பார்த்தால் உள்ளே ஒரு பெண் நாய் கட்டியிருந்ததாம். அதற்குப் பிறகு தலைகள் உருண்டனவாம். உயிருக்கு அஞ்சித் திருநீறு பூசிக்கொண்டவர்களும் உண்டாம். இந்தக் கதையில் எவ்வளவு நடந்தது என்பது தனிக் கேள்வி. ஆனால் சமணம் இங்கே நேற்று வந்ததல்ல. சிங்கவரத்துக்கு அருகே திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர்கள் பாறையில் வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் விட்ட சந்திரநந்தி ஆசிரியரின் நினைவாக வெட்டிய வட்டெழுத்துக் கல்வெட்டும் அங்கே இருக்கிறது. அதற்கு 'ஆம்' தேவையில்லை. கல்லில் இருக்கிறது. கோட்டையைப் பார்க்க வருகிறவர்களில் நூற்றுக்கு ஒருவர் அங்கே போவாரா என்பது சந்தேகம். ஒரு அம்புக்குறி போட்டால் இரண்டு பேர் போகலாம்.

ஆனந்தக் கோன் கதையையும் அப்படியே வையுங்கள். ஆடு மேய்த்தவராம், மலைக் குகையில் புதையல் கிடைத்ததாம், அதைக்கொண்டு முதல் கோட்டையைக் கட்டினாராம். இவ்வளவு பெரிய மதிலின் தொடக்கத்தில் ஓர் இடையரை வைத்துப் பார்க்க எங்கள் மக்களுக்குப் பிடித்திருக்கிறது. அதில் தப்பென்ன?

எல்லாக் கதையும் எனக்கு உவப்பானது என்று நினைத்துவிடாதீர்கள். சக்கரைக்குளத்துப் பக்கம் ஒரு பெரிய உருண்டைப் பாறை. அதன் தலையில் ஒரு துளை. கைதிக் கிணறு என்று பெயர். குற்றவாளிகளை உள்ளே தள்ளிப் பட்டினியில் சாகவிட்டார்களாம். அங்கே வருகிறவர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். கொடுமையான கதை எல்லாருக்கும் சீக்கிரம் வாயில் ஒட்டிக்கொள்ளும். இதற்கு நீங்கள் பலகை வைக்காவிட்டாலும் பாதகமில்லை. அது தானே பரவிக்கொள்ளும்.

இன்னொரு நடைமுறைச் சிக்கலும் எனக்குத் தெரியும். ஆங்கிலத்திலும் இந்தியிலும் பலகை வரும். அந்த மொழிகளில் 'ஆம்' கிடையாது. ஒரு முழு வாக்கியம் செலவழித்து 'என்று நம்பப்படுகிறது' என்பது போல எழுத வேண்டியிருக்கும். பிறகு அதைத் தமிழில் திருப்பி எழுதும்போது அந்த 'நம்பப்படுகிறது' அப்படியே வந்து உட்கார்ந்துகொள்ளும். தேசிங்கு குதிரையை அடக்கியதாக நம்பப்படுகிறது! யார் நம்பினார்கள்? ஆயா நம்பினாரா என்றுகூட எனக்குத் தெரியாது. அவர் சொன்னார், நாங்கள் கேட்டோம். தமிழ்ப் பலகையைத் தமிழிலிருந்தே எழுதத் தொடங்குங்கள். கடினம் எல்லாம் பிற மொழிக்காரர்களுக்கு இருக்கட்டும். ஒரு முறையாவது அவர்கள் தலையைச் சொறியட்டும்.

வேங்கடரமணர் கோயிலுக்கும் ஒரு பலகை வேண்டும். வாயில் கோபுரத்தின் உட்சுவரில் பாற்கடல் கடைந்த காட்சியையும் ராமாயணக் காட்சிகளையும் இழைத்திருக்கிறார்கள். பலர் பார்க்காமலேயே உள்ளே போய்விடுகிறார்கள். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கிற உயரமான கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுபோனவை என்பதையும் இங்கேயே எழுதிவிடலாம். தூண்கள் எங்கே என்று தேடுகிறவர்கள் கடற்கரைக்குப் போய்க் காற்று வாங்கிக்கொண்டே பார்த்துவிட்டு வருவார்கள்.

கடைசியாக ஒன்று. 1717-18-இல் எழுந்த சாதத்துல்லா கான் மசூதி கோட்டைக்குள் நல்ல நிலையில் நிற்கிறது, வென்றவர் கட்டியது. தோற்றவர்களுக்குரிய இடம் கோட்டைக்குள் இல்லை. போர் நடந்ததாகச் சொல்கிற கடலிப் பக்கத்தில் மகபத் கானுக்கும் குதிரைக்கும் சமாதி இருப்பதாக ஊரார் காட்டுவார்கள். அன்று மாலை பையனை அங்கே கூட்டிப்போக நினைத்து, சாலையில் மூன்று பேரிடம் வழி கேட்டேன். மூவரும் மூன்று திசையில் கை காட்டினார்கள். நாலாவதாக ஒரு டீக்கடைக்காரர், இருட்டப் போகிறது, நாளைக்கு வாருங்கள், நானே வந்து காட்டுகிறேன் என்றார். அடுத்த நாள் பையனுக்குப் பள்ளிக்கூடம். திண்டிவனம் பஸ்ஸில் ஏறிவிட்டோம். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, குதிரையைப் புதைக்க எவ்வளவு பெரிய குழி வெட்ட வேண்டும் என்று கையை விரித்து விரித்து அளந்துகொண்டே வந்தான்.

கடலிக்கு ஒரு வழிகாட்டிப் பலகை, சாலை திரும்புகிற இடத்தில். கிலோமீட்டரைச் சரியாகப் போடுங்கள். சித்திரை விடுமுறையில் மறுபடி வருகிறோம்.

இப்படிக்கு,
செஞ்சி வட்டத்தில் வளர்ந்தவன்